380 கிலோ என்று விற்றார்கள், தராசில் 612: டபுள் கெப்புக்குக் கெம்பர் வாங்குவோர் கவனத்துக்கு

டபுள் கெப்பின் பின்பெட்டிக்குள் ஏற்றிவைக்கும் கெம்பர் (பயணத்தில் உள்ளே தங்கும் கூடு) ஒன்றைக் கொழும்பில் ஒரு பட்டறையில் செய்வித்தோம். விலைப்பட்டியலில் எடை 380 கிலோ. ஆறு மாதம் கழித்து, தண்ணீர் நிரப்பி வே பிரிட்ஜில் (வாகனம் நிறுக்கும் தராசில்) போட்டுப் பார்த்தால் கெம்பர் மட்டும் 612 கிலோ. அதற்குள் கெப்பின் செசி (அடிச்சட்டம்) வளைந்துவிட்டது. அதே பட்டியலைக் காட்டி இன்னமும் ஓர்டர் எடுக்கிறார்கள், அதனால்தான் இந்தப் பதிவு.

380 என்பது வெறும் கூட்டின் எடை. 80 லீற்றர் தண்ணீர் 80 கிலோ, 100 ஆம்பியர் அவர் பற்றரி இரண்டும் 56, கூரை ஏசி 40, ஃபிரிட்ஜ் 24, வெளிப்பந்தல் 20, நிரப்பிய சின்ன காஸ் சிலிண்டர் 12. இந்த 232 கிலோவும் கணக்கில் இல்லை. சிலிண்டரையும் தண்ணீரையும் தவிர எல்லாம் அவர்கள் கையாலேயே பூட்டியவை. எடை தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

"ஒரு டொன் கெப்தானே, தாங்கும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். சி.ஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) உள்ள மொத்த நிறையிலிருந்து, அதாவது பாரத்தோடு அனுமதித்த எடையிலிருந்து, வெற்று நிறையைக் கழியுங்கள். எங்கள் கெப்புக்கு 2,900இல் 2,050 போக 850. நாலு பேர் 280, புல் பாரும் (முன் காப்புக் கம்பி) வின்ச்சும் (இழுவைக் கருவி) 90. மிச்சம் 480. அதாவது உடுப்பும் அரிசியும் ஏற்ற முதலே 132 கிலோ அதிகம்.

அதைவிடப் பெரிய பிழை, தண்ணீர்த் தாங்கியையும் பற்றரிகளையும் கதவோரம், பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் வைத்தது. முன் பின் சில்லுகளுக்கு நடுவே 3.08 மீற்றர் உள்ள கெப்பில், அந்த 136 கிலோ முன் அச்சிலிருந்து 53 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சில் 189 கிலோவாக இறங்கும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஸ்டியரிங் காற்றில் திருப்புவதுபோல் இலேசானது இதனால்தான். கெம்பரின் எடைமையம் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னே விழ வேண்டும். எடைமையம் எங்கே என்று கெம்பரின் பக்கத்தில் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். டபுள் கெப் பெட்டி ஏறத்தாழ ஐந்து அடிதான். ஏழடிக் கெம்பரை அதில் வைத்தால் கோடு பின்னால்தான் போகும்.

முறையிட்டபோது பட்டறையின் பதில்: "ரெண்டு ஸ்பிரிங் பிளேட் கூடப் போடுங்க, எயார் பேக் ஒண்டு வைங்க." இது ஆபத்தான ஆலோசனை. பிளேட் கூட்டினால் பின்பக்கம் உயரும், ஆனால் செசி, பிரேக், பெயாரிங், டயர் எதுவும் பலப்படாது. எயார் பேக், அதாவது செசிக்கும் பின் அச்சுக்கும் நடுவே வைக்கும் காற்றுப் பை, பரவலான பாரத்தை செசியின் ஒரே புள்ளியில் குவிக்கும்; பள்ளத்தில் விழும்போது கெபினுக்குப் பின்னே செசி மடியும். கெபினுக்கும் பெட்டிக்கும் இடையில் விரலை விட்டுப் பாருங்கள். எங்களுடையதில் மேலே இரண்டு விரல் போனது, கீழே ஒன்றுகூட நுழையவில்லை.

கெம்பரைக் கட்டும் கொக்கிகளையும் பெட்டித் தகட்டில் பூட்டியிருந்தார்கள், தகடு கிழிந்தது. அவை செசியில்தான் பூட்டப்பட வேண்டும், கெம்பருக்கு அடியில் றப்பர் விரிப்பும் வேண்டும்.

முற்பணம் கொடுக்கும்போதே, தண்ணீர்த் தாங்கி நிரம்பிய நிலையில் கெம்பரின் எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள். எடுக்கும் நாளில் எரிபொருள் தாங்கியை நிரப்பி, கெப்பை முதலில் வெறுமனேயும் பிறகு கெம்பரோடும் நிறுங்கள். இரண்டு முறையும் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக. இரண்டு தராசுத் துண்டுகளும் கைக்கு வந்த பிறகே மிச்சக் காசு. நாங்கள் முழுத்தொகையும் கட்டிவிட்டு நிறுத்தோம். ஒரு சதமும் திரும்பி வரவில்லை.