சோலார் போட அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்: என்னுடைய 460,000 ரூபா போய்விட்டது

நேற்றுப் பின்னேரம் அந்தக் கடைக்குப் போனேன். கொழும்பில், காலிக்குப் போகும் பெரிய வீதியில், ஒடுங்கிய மாடிப்படி ஏறிப் போகும் ஓர் அறை. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் காணவில்லை. உள்ளே இரண்டு பெண்கள் தையல் மெஷினில் இருந்தார்கள். "சோலார்காரர் போன மாதமே அறையை விட்டுட்டுப் போய்ட்டார் மிஸ். கேட்டு வந்த நாலாவது ஆள் நீங்க" என்றார் ஒருவர். படியிலேயே இருந்துவிட்டேன். கால் நடுங்கியது. 460,000 ரூபா. இருபத்தேழு வருடம் வேலைசெய்து எடுத்த சேமலாப நிதியில் மிச்சம் வைத்திருந்த காசு.

பெயர் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், இப்போதைக்குப் போடவேண்டாம் என்று சட்டத்தரணி சொன்னார். எந்த ரகம் என்று மட்டும் சொல்கிறேன். முகநூலில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் விலை அனுப்பி, வீட்டுக்கு வந்து கூரையை அளந்து, "முழு செட்டும் நாங்களே பூட்டித் தருவம், மின்சார சபை வேலையும் நாங்களே பாப்பம்" என்று சொல்லுகிற ரகம். கொழும்பில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்லவர்களும் இருப்பார்கள். எனக்கு வாய்த்தவன் இவன்.

அம்மாவுக்கு 82 வயது. மூச்சு இழுப்பு. இரவில், மருந்தை மூச்சோடு கொடுக்கிற நெபுலைசர் மெஷின் இல்லாமல் முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு விடிய விடிய அவவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். பிறகு 2023 பெப்ரவரியில் கட்டணத்தை 66 வீதம் கூட்டினார்கள். அதையும் தாங்கினோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி கடந்து முழு நாடும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்றார்கள். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் இயந்திரங்கள் நின்றுபோனதால் அடுத்தடுத்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியால வெட்டு. அந்த வெட்டுகளில் ஒன்றில்தான் அம்மாவின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. அன்றிரவே போனில் "சோலார்" என்று தேடினேன். அதற்குப் பிறகு என்னுடைய முகநூல் முழுக்க சோலார் விளம்பரம்தான்.

அவன் வந்த நாளை மறக்கமாட்டேன். முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றினான். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தான். அம்மாவின் அறையில் நெபுலைசர் இரைவது கேட்டு, "அம்மம்மாக்கோ அன்ரி?" என்று கேட்டு, உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து கதைத்தான். தன்னுடைய ஊர் பருத்தித்துறைப் பக்கம், தன் அம்மம்மாவும் இப்படித்தான் இழுத்து இழுத்துப் போனவ என்றான். அம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரு ராசா" என்றா. "இனிக் கரண்ட் போனாலும் உங்கட மெஷின் நிக்காது அம்மம்மா, நான் பொறுப்பு" என்றான்.

நான் நம்பியது அந்த இடத்தில்தான். விலைப்பட்டியலைக் கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. 550 வாட் பனல் ஒன்பது, பனலில் வருவதை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டர், லித்தியம் பட்டறி, எல்லாம் சேர்த்து 920,000. வேறு இரண்டு இடத்தில் கேட்டபோது இதைவிட ஒன்றரை மடங்குக்குக் கிட்டச் சொன்னார்கள். "அவை இடைத்தரகர் அன்ரி, நாங்கள் நேரா இறக்கிறம்" என்றான். கூரையில் வரும் மின்சாரத்தை யூனிற் 37 ரூபாவுக்கு மின்சார சபை வாங்கும், நாலு வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று கணக்கும் போட்டுக் காட்டினான். 37 பழைய விலை. 2024 நடுப்பகுதியிலேயே அது 27 ஆகக் குறைந்துவிட்டது. ஒரே ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பாதி முற்பணம். கொம்பனிக் கணக்கில் ஏதோ சிக்கல், இப்போதைக்கு இந்தக் கணக்கில் போடுங்கோ என்று ஒரு தனிஆளின் கணக்கிலக்கம் தந்தான். யோசித்தேன். "என்ன அன்ரி, நம்பிக்கை இல்லையோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னுடைய காசைக் கொடுக்க நானே வெட்கப்பட்டேன்! பெப்ரவரி 21 அன்று வங்கிக்குப் போய் 460,000 ரூபாவைப் போட்டேன்.

மார்ச் நடுவில் ஒரு சின்ன லொறி வந்தது. ஒன்பது பனலுக்கு நாலு. ஒரு இன்வெர்ட்டர். ஒரு பட்டறிப் பெட்டி. அந்தப் பெட்டியை ஒரு பொடியன் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினான். எவ்வளவு பலசாலி என்று அப்போது நினைத்தேன். அந்த அளவு லித்தியம் பட்டறி நாற்பது கிலோவுக்குக் குறையாது என்று பிறகுதான் தெரிந்தது. மிச்சப் பனல் அடுத்த கிழமை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதமாக நான் கேட்ட பதில்கள் இவைதான்: கொன்ரெய்னர் துறைமுகத்தில் நிக்குது. பூட்டுற பொடியனுக்கு டெங்கு. மின்சார சபையில் உங்கட விண்ணப்பம் வரிசையில் நிக்குது. ஏப்ரலில் இன்னொன்று. புத்தாண்டு விடுமுறையில், 13 ஆம் திகதியிலிருந்து 21 ஆம் திகதி வரை, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டிருந்தது. தேவை குறைந்திருக்கும் நாட்களில் மின்சார வலையமைப்பு தளம்பும் என்பதற்காக, ஏற்கெனவே இணைப்பு எடுத்தவர்களிடம் கேட்டது அது. இவன் அந்தச் செய்தியையே எனக்கு அனுப்பி, "பாருங்கோ அன்ரி, அரசாங்கமே நிப்பாட்டச் சொல்லுது, நாங்கள் என்ன செய்ய?" என்று எழுதினான். பூட்டாத சோலாரை எப்படித் தம்பி நிறுத்துவது என்று கேட்டேன். நீலச் சரி இரண்டு விழுந்தது. பதில் இல்லை.

மே மாதம் எங்கள் பகுதி மின்சார சபைக் காரியாலயத்துக்கு நேரே போனேன். என்னுடைய மின்கட்டணக் கணக்கிலக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த இலக்கத்தில் சோலார் விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை என்றார்கள். வரிசையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளியில் வந்து அவனுக்கு எடுத்தேன். ஒரு பெண் எடுத்து, சேர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றா. அடுத்த நாளும் மீட்டிங். அதற்கடுத்த நாள் என்னுடைய இலக்கத்தைத் தடுத்துவிட்டான். அண்ணாவின் மகளின் போனிலிருந்து எடுத்தேன், "ஹலோ" என்றான், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அந்த "ஹலோ" இப்பவும் காதுக்குள் நிக்குது.

போன கிழமை தெகிவளையிலிருந்து தெரிந்த எலெக்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டுச் சாமான்களைக் காட்டினேன். பனலைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வாட், வோல்ற், தொடரிலக்கம் எல்லாம் இருக்கவேண்டிய லேபலைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பனலின் விளிம்புச் சட்டத்தில் பழைய கிளாம்ப் இறுக்கிய தழும்பு. கண்ணாடிக்குக் கீழே நத்தை ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய கபிலக் கோடுகள். உள்ளே மயிரிழை வெடிப்பு விழுந்த செல்லில்தான் அப்படி வரும், எங்கேயோ கழற்றின பழைய பனல் அக்கா என்றார். பட்டறிப் பெட்டியைத் திறந்தார். லித்தியம் ஸ்டிக்கருக்குள்ளே மோட்டார் சைக்கிள் பட்டறி மாதிரிச் சின்னது மூன்று, வயர் போட்டுக் கட்டியிருந்தது.

பிறகு இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அக்கா, இதில பட்டறி கொழுவவே ஏலாது. இது கிரிட்டோட, தெரு லைனோட மட்டும் வேலைசெய்யிறது" என்றார். அந்த வகை இன்வெர்ட்டர் தெருவில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடுமாம். நிற்கத்தான் வேண்டுமாம். நிற்காவிட்டால் எங்கள் கூரை மின்சாரம் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறித் திருத்துகிற ஆளை அடித்துவிடும். அதாவது ஒன்பது பனலையும் ஒழுங்காகப் பூட்டியிருந்தாலும், நட்டநடு வெயிலில் கரண்ட் போனால் அம்மாவின் மெஷின் நின்றிருக்கும். அம்மா கையைப் பிடித்திருக்கும்போது அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை, அவன் சொல்லும்போதே பொய்.

நெபுலைசருக்கும் ஒரு ஃபானுக்கும் இரண்டு பல்புக்கும் இவ்வளவு பெரிய செட்டே தேவையில்லை, சின்ன இன்வெர்ட்டரும் நல்ல பட்டறி ஒன்றும் காணும், கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் ஏறிவிடும் என்றும் சொன்னார். உங்களுக்கு என்ன தேவை என்று அவன் என்னிடம் ஒரு தடவையாவது கேட்கவில்லை. கூரையை மட்டும்தான் அளந்தான்.

சோலாரில் பிழை சொல்ல நான் எழுதவில்லை. இந்த நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? 2030 இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து வரவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள், கூரைகள் இல்லாமல் அது நடக்காது. எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று வீட்டுக்காரர் போட யோசித்திருந்தார்கள். என்னுடைய கதையைக் கேட்டுவிட்டு மூன்று பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதுவும் எனக்குக் கோபம்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது முடியவில்லை, தலை இடிக்கிறது. இவ்வளவும்தான்: தனிஆள் கணக்கில் காசு போடாதீர்கள். இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்த ஆளா என்று அங்கேயே கேளுங்கள், அவன் காட்டுகிற சேர்டிபிகேற்றை நம்பாதீர்கள். கரண்ட் போனால் எரியுமா என்று கேட்டு, எரியும் என்றால் எந்த இன்வெர்ட்டர் என்ற மொடலோடு எழுத்தில் வாங்குங்கள். சாமான் இறங்கும்போது லேபலைப் படம் எடுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் எடுங்கள். பொலிசுக்கும் போங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். நான் ஒரு மாதம் அப்படி இருந்தேன், அந்த ஒரு மாதத்தில்தான் அவன் அறையைக் காலிபண்ணியிருக்கிறான்.

நாலு பனலும் படிக்கட்டுச் சுவரில் சாத்தியபடி கிடக்கின்றன. அம்மா இன்றைக்கும் கேட்டா, "அந்தப் பொடியன் எப்ப வந்து பூட்டுவான் பிள்ளை?" என்று. இன்னும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன், வேறு பெயரில் புதுப் பக்கம் தொடங்கி அதே கூரைப் படங்களோடு விளம்பரம் போகிறது. கீழே ஒரு அம்மா "விலை என்ன தம்பி?" என்று கேட்டிருக்கிறா. அதற்குக் கீழே 460,000 ரூபா என்று தொடங்கி என்னுடைய பதிலைப் போட்டேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டான். திரும்பவும் போட்டிருக்கிறேன்.