விபத்துக்குப் பின் கையெழுத்துக் கேட்டு வருபவர்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

பின்னால் வந்த வாகனம் மோதிக் காயம்பட்டவர்களைத் தேடி இரண்டு வகை ஆட்கள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். ஒருவர் மோதிய வண்டியின் சார்பில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வருவார். இன்னொருவர் இன்சூரன்ஸ் பணம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வருவார். இருவர் கையிலும் காகிதம் இருக்கும், இருவருக்கும் வேண்டியது கையெழுத்து. வலியிலும் பயத்திலும் இருந்த என் அக்காவிடம் அந்த இரண்டு கையெழுத்துகளும் வாங்கப்பட்டன. அதனால் நேர்ந்ததையும், அதிலிருந்து மீள்வதற்காக நாங்கள் தெரிந்துகொண்ட சட்ட விவரங்களையும் இங்கே எழுதுகிறேன். வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருப்பதால் யாருடைய பெயரையும், எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை.

அக்கா குடும்பம் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டைத் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நின்றபோது, பின்னால் வந்த சரக்கு வேன் அவர்களுடைய காரில் மோதியது. டிக்கி கதவு உள்ளே மடங்கியது, பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. யாருக்கும் ரத்தக் காயம் இல்லை. "செலவு முழுக்க ஓனர் கொடுத்துருவாரு சார், கேஸ் மட்டும் வேண்டாம்" என்று வேன் ஓட்டுநர் கெஞ்சினார். காவல் நிலையத்தில், யாருக்கும் அடி இல்லையே என்று சொல்லி, சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அது புகார் பெற்றதற்கான ரசீதுதானே தவிர, முதல் தகவல் அறிக்கை ஆகாது என்பதை அங்கிருந்த எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அக்காவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பின்பக்க மோதலில் இது மிகவும் பொதுவான காயம். இருக்கை உடலை முன்னே தள்ளும் அந்தக் கணத்தில் தலை பின்தங்கி நிற்க, கழுத்து முதலில் பின்னோக்கி வளைந்து, பிறகு முன்னோக்கி வீசப்படுவதால், தசைகளும் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும் இழுபட்டுவிடுகின்றன. வீக்கமும் இறுக்கமும் மெல்ல ஏறுவதால் வலி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் முழுமையாகத் தெரியும். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியுமே ஒழிய, இந்தத் தசைநார்க் காயம் தெரியாது. ஆகவே, சாலையோரத்தில் நின்றுகொண்டு யாருக்கும் அடி இல்லை என்று யாரும் எழுதித் தரக் கூடாது. கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அக்காவை அழைத்துச் சென்ற தனியார் மருத்துவமனையில் நடந்ததுதான் பின்னால் எங்களை மிகவும் அலைக்கழித்தது. கார் விபத்தில் வந்த வலி என்று தெளிவாகச் சொல்லியும், அங்கிருந்தவர், "போலீஸ் கேஸெல்லாம் எதுக்கும்மா, வலிக்கு ஊசி போட்டுக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, சீட்டில் "கழுத்து வலி, ஒரு நாளாக" என்று மட்டும் எழுதினார். விபத்து என்ற சொல்லே அதில் இல்லை. வேனின் இன்சூரன்ஸ் தரப்பு இன்று அந்த ஒரு வரியைக் காட்டித்தான், இந்த வலி அக்கா வீட்டில் செய்யும் தையல் வேலையால் வந்தது என்று வாதிடுகிறது. விபத்தில் வந்தவரை விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, எந்த வாகனம் எங்கே எப்படி மோதியது என்று எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் கடமை. அந்தப் பதிவின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் அதைக் கேட்காமலேயே போடுவார்கள். வலி குறைவாக இருந்தாலும் முதலில் அங்கே சென்று, "நின்றிருந்த காரின் பின்னால் வேன் மோதியது" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு, விருப்பமான மருத்துவரிடம் செல்லுங்கள்.

முதல் கையெழுத்து வீட்டில் வாங்கப்பட்டது. வேன் உரிமையாளரின் ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், மருந்துச் செலவுக்கு என்று 10,000 ரூபாயை மேசையில் வைத்து, "பணம் வாங்குனதுக்கு ஒரு ரசீது மட்டும் போட்டுக் குடுங்கம்மா" என்றார். அக்கா கணவர் வேலைக்குப் போயிருந்தார். ரசீது என்று அவர் நீட்டியது ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு முழுப் பக்கம். விபத்தில் தனக்குக் காயம் எதுவும் இல்லை என்றும், இந்தத் தொகையை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டதால் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் அதில் இருந்தது. தமிழ் மட்டுமே சரளமாகப் படிக்கத் தெரிந்த ஒரு பெண், தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்து அதை வாங்கிச் சென்றதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 149ஆம் பிரிவில் சமரசத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் அதன்படி இன்சூரன்ஸ் நிறுவனம் அதற்கென நியமித்த அலுவலர் மூலமாகத் தொகையைத் தீர்ப்பாயத்தின் முன் சொல்ல வேண்டும். காயம்பட்டவர் ஒப்புக்கொண்டால் தீர்ப்பாயமே அதைப் பதிவு செய்யும். வீட்டு மேசையில் முடித்துக்கொள்ளும் சமரசம் அந்த வழியில் சேராது.

இரண்டாவது கையெழுத்து இதைவிட மோசம். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன இடத்தில் தரகர் ஒருவர் அறிமுகமாகி, தான் ஒரு வக்கீல் அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்றும், வரும் தொகையில் 35 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். பெயர் முதல் தேதி வரை எதுவும் நிரப்பப்படாத வக்காலத்து (வழக்கை நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம்), வெற்றுப் பத்திரங்கள், தொகை எழுதாத காசோலை ஆகியவற்றில் கையெழுத்து வாங்கினார். ஸ்கேன் படங்கள், மருந்து ரசீதுகள், சி.எஸ்.ஆர். ரசீது என அனைத்தையும் அசலாகவே எடுத்துச் சென்றார். அதன் பிறகு எப்போது அழைத்தாலும் "கேஸ் போட்டாச்சும்மா, நம்பர் ஆகணும்" என்பதே பதில்.

தீர்ப்பில் வரும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடை செய்திருக்கின்றன. அப்படிப் பேரம் பேசுகிறவர் சட்டத்தை மதிக்கும் வழக்கறிஞரின் ஆளாக இருக்க முடியாது. காசோலை எதற்கு என்பதும் எங்களுக்குப் பின்னர்தான் புரிந்தது. இழப்பீட்டுத் தொகையைப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தச் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் கூறியிருக்கிறது. கணக்கில் விழும் பணத்தை அன்றே எடுத்துக்கொள்ளத்தான் முன்கூட்டியே கையெழுத்திட்ட காசோலை.

இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அக்காவின் பெயரைக் கொண்டு நான் தேடியபோதுதான், அப்படி ஒரு வழக்கே தாக்கலாகவில்லை என்பது தெரிந்தது. தாக்கலாகிப் பதிவான ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்துகளும் இலக்கங்களுமாக 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. "போட்டாச்சு" என்று யார் சொன்னாலும் அந்த எண்ணைக் கேளுங்கள். இது எங்களுக்கு வெறும் தாமதமாக முடிந்திருக்காது. ஏனென்றால் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3)ஆம் பிரிவு, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. அந்த ஆறு மாதம் முடியும் தறுவாயில்தான் நாங்கள் விழித்துக்கொண்டோம். இந்தக் கால வரம்பை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அவை முடியும் வரை, கால வரம்பைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. காலம் கடந்தவர்கள் அதனால் நம்பிக்கை இழக்க வேண்டாம்; காலம் இருப்பவர்கள் அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகியதும் நிலைமை மாறியது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அவர்கள் ஒதுக்கிய வழக்கறிஞர் முதலில் வங்கிக்கு எழுதிக் காசோலையை நிறுத்தச் செய்தார். பிறகு முதல் தகவல் அறிக்கை பதியக் கோரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினார். அதன் பிறகே பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281, 125 பிரிவுகளில் வழக்குப் பதிவானது. தாமதமான முதல் தகவல் அறிக்கையை மட்டுமே காரணமாக்கி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது எங்களுக்குக் கைகொடுத்தது. உண்மையில், காவல் துறை தன் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி. அது நடந்திருந்தால் தரகருக்கு எங்கள் வீட்டில் வேலையே இருந்திருக்காது.

பின்னால் வந்து மோதியவர் மீதுதான் தவறு, அதில் வாதமே கிடையாது என்று பலரும் நினைக்கிறார்கள். முன்னால் செல்லும் வாகனத்துக்குப் போதிய இடைவெளி விட வேண்டும் என்ற ஓட்டுநர் ஒழுங்குமுறை பின்னால் வருபவருக்கு எதிராகவே நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எதிர்த்தரப்பு எப்போதும் கையில் எடுப்பது "முன்னால் போன கார் திடீரென்று பிரேக் போட்டது" என்ற வாதத்தையே. கோவையில் 2017 ஜனவரியில், நெடுஞ்சாலையில் சைகை காட்டாமல் திடீரென நின்ற காரில் மோதி விழுந்து, பின்னால் வந்த பேருந்து ஏறியதில் காலை இழந்த ஒரு பொறியியல் மாணவரின் வழக்கில், காருக்கு 50 சதவீதம், பேருந்துக்கு 30, மாணவருக்கே 20 என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொறுப்பைப் பிரித்தது. ஆகவே, காயம்பட்டவர்களைக் கவனித்த கையோடு, வண்டிகளை நகர்த்துவதற்கு முன் இரண்டும் நின்ற நிலை, வேனின் நம்பர் பிளேட், முன்னால் நிற்கும் வரிசை ஆகியவை ஒரே படத்தில் தெரியும்படி கைபேசியில் எடுத்து வையுங்கள். சுங்கச்சாவடி கேமரா பதிவுகள் நெடுநாள் இருக்காது; அவற்றைப் பாதுகாக்கும்படி காவல் நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள். மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்பதை அதன் பதிவெண்ணைக் கொண்டு எம்-பரிவாகன் செயலியிலேயே பார்த்துவிடலாம். காரில் பயணியாக மட்டும் இருந்தவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: இரு ஓட்டுநர்கள் மீதும் தவறு இருந்தால்கூட, அவர் யாரேனும் ஒரு தரப்பிடமிருந்து முழுத் தொகையையும் கோரலாம் என்று 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது.

காருக்கான செலவை எங்களுடைய பாலிசியிலேயே வாங்கிக்கொண்டோம். அதில் நோ கிளெய்ம் போனஸ் போனதும், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தேய்மானம் கழித்ததும் தவிரப் பெரிய குறை இல்லை.

அக்காவுடைய வருமானத்தைக் காட்டுவதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது. அவர் வீட்டிலிருந்தே கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்பவர். ஸ்டாண்டின் மேல் குனிந்து, மணி மணியாக ஊசியில் கோத்து எடுக்கும் வேலை அது. இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் குனிந்திருக்க முடிவதில்லை. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு ஆர்டர் நோட்டும், ஜிபே வரவுகளும், திருப்பிக் கொடுத்த முன்பணத்தின் விவரமும்தான் சாட்சி. ஊனத்தின் சதவீதம் வேறு, அந்த ஊனத்தால் அவரவர் தொழிலில் ஏற்படும் வருமான இழப்பு வேறு என்று 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விளக்கியிருக்கிறது. குனிந்து செய்யும் தொழிலில் உள்ளவர்கள் இதைத் தங்கள் வழக்கறிஞருக்கு அவசியம் நினைவூட்ட வேண்டும். அந்தத் தரகர் 40 சதவீத ஊனச் சான்றிதழ் ஒன்றை விலைக்கு வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தார். சிகிச்சை அளிக்காத மருத்துவர்கள் தாராளமாகக் கொடுக்கும் சான்றிதழ்களைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கும்படி தீர்ப்பாயங்களுக்கு அதே தீர்ப்பு அறிவுறுத்துகிறது. பொய்ச் சான்றிதழ் ஒன்று உள்ளே நுழைந்தால், உண்மையான வலியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தரகர் எடுத்துச் சென்ற அசல் காகிதங்கள் இன்றுவரை திரும்பவில்லை. அது குறித்துக் காவல் துறையில் தனிப் புகார் கொடுத்திருக்கிறோம். இதே நிலையில் இருப்பவர்கள் அவருக்குப் பணம் கொடுத்து மீட்க வேண்டியதில்லை. சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பித்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. உள்நோயாளியாக இருந்தவர்களின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். விண்ணப்பத்தை நேரில் கொடுத்து, அதன் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.