மீக்கடத்திப் பெட்டி: வட்டுக்கு முழு மார்க், கம்பி முனைக்குப் பாதி

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குத் தகராறு சிப்போடு இருப்பதைவிட, அதைத் தொடும் ஊசி முனைகளோடுதான் அதிகம். முனையில் கொஞ்சம் அழுக்கு ஏறினால் நல்ல சிப்பும் ஃபெயில் ஆகிவிடும். அதே கண்ணோடுதான் இந்தப் பெட்டியையும் பார்த்திருக்கிறேன். நன்றாகக் குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி; அதன் வட்டு ஒன்றை வைத்து வீட்டிலேயே சோதனை செய்து பார்க்க விற்கும் பெட்டி இது. குளிர்ந்த வட்டின் மேல் காந்தம் மிதக்கும். காந்தம் மிதக்கிறதா என்று மட்டும் கேட்பவர்களுக்கு ஒரே வரி: மிதக்கிறது, அழகாகவே மிதக்கிறது.

ஆறாம் படிவம் படிக்கும் மகளுக்காக, தீவில் நம்ம ஆள் ஒருவர் நடத்தும் சின்னக் கடையில் வாங்கினேன். நான்கு கம்பி வைத்தது 480 ரிங்கிட். இரண்டு கம்பி வைத்த மலிவு ரகமும் இருக்கிறது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். பெட்டிக்குள் இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த கறுப்பு வட்டு, பித்தளைக் கூட்டுக்குள் எப்பாக்ஸி ஊற்றி உட்கார்ந்திருக்கிறது. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தியாகும் முதல் பொருள் என்று 1987இல் பேர் வாங்கிய சரக்கு இதுதான். சுமார் 92 கெல்வினில் மாறும். வெப்பநிலை பார்க்க ஒரு பிளாட்டினம் சென்சார். மின்னோட்டம் செலுத்த ஓரங்களில் இரண்டு சிவப்புக் கம்பி, மின்னழுத்தம் பார்க்க உள்பக்கம் இரண்டு மஞ்சள் கம்பி.

நைட்ரஜன் பெட்டியோடு வராது. பிறைப் பக்கம் வாயு விற்பவரிடம் நாமேதான் குடுவையைக் கொண்டுபோய் நிரப்பிவர வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது, காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு.

சரி, அளவெடுப்புக்கு வருவோம். சிவப்பில் 100 மில்லிஆம்பியர் விட்டேன். அறைச் சூட்டில் மஞ்சளில் 0.8 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், அதாவது எட்டு மில்லிஓம் சொச்சம். குளிரக் குளிர மெதுவாக இறங்கி, சென்சார் 90ஐ நெருங்கும்போது சடாரென்று விழுந்தது. ஆனால் மீட்டரின் கடைசி இலக்கத்தில் சில மைக்ரோவோல்ட் ஒட்டிக்கொண்டே இருந்தது. “ஸீரோ எங்கப்பா?” என்றாள் மகள். சிவப்புக் கம்பிகளை இடம் மாற்றிச் செருகச் சொன்னேன். சூடாக இருந்தபோது இப்படி மாற்றினால் மஞ்சளில் கழித்தல் குறி வந்தது. இப்போதோ குறியும் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. மின்னோட்டம் திரும்பியும் திரும்பாத மின்னழுத்தம் வட்டின் மின்தடையிலிருந்து வந்திருக்க முடியாது. கம்பியின் ஒரு முனை குளிரிலும் மறுமுனை அறைச் சூட்டிலும் இருப்பதால் பிறப்பது அது. பெட்டியின் விலையில் பாதி அந்த ஒரு நிமிடத்துக்கே தகும்.

அப்புறம், மீட்டரை ஓம் வரிசைக்கு மாற்றிச் சிவப்புக் கம்பிகளிலேயே வைத்துப் பார்த்தோம். வட்டு நைட்ரஜனில் மூழ்கியிருக்கும்போதே ஒரு ஓமுக்கு மேல் காட்டியது! அது கம்பியும், கம்பி வட்டைத் தொடும் வெள்ளிப் பூச்சும் சேர்ந்த தடை. வட்டு மீக்கடத்தியாவதால் குறையும் எட்டு மில்லிஓம் இதில் கண்ணுக்கே தெரியாது. இரண்டு கம்பி ரகத்தை வாங்கினால் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு ஓமைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான்கு கம்பியில் மஞ்சள் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதேயில்லை. அதனால் அதன் முனை எவ்வளவு மோசமானாலும் அளவைக் கெடுக்காது.

கையேடு இங்கேதான் கோட்டை விடுகிறது. 0.5 ஆம்பியர் வரை விடலாம் என்கிறது. ஒரு ஓமில் அரை ஆம்பியர் என்றால் கால் வாட் சூடு, அதில் ஒரு பங்கு தொடர்பு முனைகளிலேயே. 100 மில்லிஆம்பியரைத் தாண்டாதீர்கள்.

உலோகத்திலிருந்து மீக்கடத்திக்குள் மின்னோட்டம் எப்படி நுழைகிறது என்பதைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி கிடையாது. எனக்குப் பெரிய குறை இதுதான். உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடும். மீக்கடத்தியில் தடையில்லாமல் ஓடுபவை கூப்பர் இணைகள், அதாவது இரண்டிரண்டாகச் சேர்ந்த எலெக்ட்ரான்கள். தனி எலெக்ட்ரான் ஒன்று உள்ளே இருக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு ஆற்றல் இடைவெளி என்று பேர். ஆற்றல் இடைவெளியைவிடக் குறைந்த ஆற்றலோடு எல்லைக்கு வரும் எலெக்ட்ரானுக்கு உள்ளே தனியாக இடம் இல்லை. உலோகத்திலிருந்தே இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு இணையாகத்தான் உள்ளே போகும்; அந்த இன்னொன்று விட்ட வெற்றிடம், துளையாக வந்த வழியே திரும்பும். 1964இல் சோவியத் இயற்பியலாளர் ஆந்திரேயெவ் சொன்னது. தொடர்பு சுத்தமாக இருந்தால், இடைவெளிக்குக் கீழே கடத்துதிறன் இரட்டிப்பாகவே ஆகலாம். நடுவில் தடுப்பு இருந்தால் எவ்வளவு குறையும் என்பதற்கு 1982இல் பிளாண்டர், டிங்கம், கிளாப்வைக் மூவரும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இந்தப் பெட்டியில் அதெல்லாம் தெரியாது. இங்கே பூச்சுக்கும் வட்டுக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் கெட்டுப்போன மேற்பரப்பு. ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் பட்டால் இந்தப் பொருள் மேலே சிதைந்துவிடும். நம்ம ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அப்படித்தான் ஆனது. குளிரவிட்டு எடுத்தால் கூட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும். கொஞ்ச நாளில் ஒரு மஞ்சள் கம்பி கழன்றுவிட்டது. கடைக்காரரைக் கூப்பிட்டேன். “சில்வர் பெயிண்ட் தொட்டு ஒட்டுங்கண்ணே, சரியாயிடும்” என்றார். ஒட்டும், ஆனால் மேல் தோலை லேசாகச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, கையேடும் சொல்லவில்லை. நன்றாக வர வேண்டுமானால் ஆக்சிஜனில் சுட்டெடுக்க வேண்டும். வீட்டில் அதற்கு ஏது வழி? சுரண்டி ஒட்டினேன், மஞ்சள்தானே, வேலை செய்கிறது. சிவப்பு கழன்றிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மைக்ரோவோல்ட் காட்டும் மீட்டர் கைவசம் இருப்பவர்கள் நான்கு கம்பி ரகத்தைத் தாராளமாக வாங்கலாம். வெறும் கைமீட்டர்தான் என்றால் காந்தமும் வட்டும் மட்டும் வரும் பெட்டியே போதும். பெயிண்ட் குப்பி ஒன்றையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள் என்று கடையில் சொல்லியிருக்கிறேன். அடுத்த சரக்கில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.