பென் டிரைவில் பப்பி லினக்ஸ்: யாங்கோன் தமிழ் வகுப்பில் ஐந்து வருடம்

யாங்கோனில் ஒரு கோயில் மண்டபத்தின் பின் அறையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அறையில் ஐந்து கணினிகளோடு தொடங்கினோம், இப்போது நான்கு. ஒன்றில்கூட ஹார்ட் டிஸ்க் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு பென் டிரைவோடு வருவார்கள். செருகி, பொத்தானை அழுத்தி, பப்பி லினக்ஸ் என்ற சிறிய இயங்குதளம் எழுந்து வரும் வரை ஆத்திசூடி சொல்லிக்கொண்டு நிற்பார்கள். 2020 தொடக்கத்தில் ஆரம்பித்த ஏற்பாடு இது. பழைய கணினியை யூஎஸ்பியிலிருந்து ஓட்டுவது பற்றி முதல் வார உற்சாகத்தில் எழுதியவை நிறையப் படித்திருக்கிறேன். வருடக்கணக்கில் ஓட்டினால் எது நிற்கிறது, எது கெடுகிறது என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணினிகள் எல்லாம் தானமாக வந்தவை. பிராசஸரைச் சொன்னால், இரண்டு பென்டியம் 4; ஒன்றில் 512 எம்பி ரேம் (கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகம்), மற்றதில் 1 ஜிபி. மூன்று கோர் 2 டுவோ, தலா 2 ஜிபி. வரும்போது சிலவற்றில் விண்டோஸ் எக்ஸ்பி, சிலவற்றில் விண்டோஸ் 7. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. 7-க்கு 2020 ஜனவரி 14-இல் நின்றது. பிள்ளைகள் கொண்டுவரும் ஒவ்வொரு பென் டிரைவிலும் ஒரு வைரஸ் இருக்கும். போதாததற்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தன.

எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் பாய் வந்து பார்த்தார். "டீச்சரம்மா, டிஸ்க் மாத்துற காசுக்கு அஞ்சு பென் டிரைவ் வாங்கிடலாம். டிஸ்கே வேணாம், கழட்டிப் போட்டுருவோம்" என்றார்.

"டிஸ்க் இல்லாம கணினி எப்படி ஓடும் பாய்?"

"ரேம்ல ஓடும். நீங்க பாருங்க."

பார்த்தேன். பப்பி லினக்ஸை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காவ்லர் 2003-இல் தொடங்கினார். அதன் அடிப்படை யோசனை மிக எளிமையானது. முழு இயங்குதளமும் சில சுருக்கப்பட்ட கோப்புகளாகப் பென் டிரைவில் இருக்கும். பூட் ஆகும்போது, அதாவது கணினி எழும்போது, ரேம் போதுமான அளவு இருந்தால், அந்தக் கோப்புகள் ரேமுக்கு நகலாகிவிடும். அதன் பிறகு நிரல்களைத் திறப்பது ரேமிலிருந்துதான் நடக்கும் என்பதால், பதினைந்து வயதுக் கணினியில்கூட எழுத்துச் செயலி சட்டென்று திறக்கிறது. கோர் 2 டுவோவில், யூஎஸ்பி 2.0 துளையில், முகப்புத் திரை வந்து நிற்க எங்களுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். தொடக்கம் மெதுவு, அப்புறம் வேகம். டிஸ்க்கில் விண்டோஸ் ஓடியபோது நேர்மாறாக இருந்தது: பூட் ஆன பிறகும் பத்து நிமிடம் எதையும் தொட முடியாது.

ஆனால் இந்த ஊரில் வேகத்தைவிடப் பெரிய விஷயம் மின்வெட்டு. யாங்கோனில் கரண்ட் இருக்கும் நேரம், இல்லாத நேரம் என்று முறை வைத்துத்தான் வாழ்க்கை. அந்த முறையும் பல நாள் தப்பும். "மீ பியெட்" என்று ஒரு குரல் கேட்டால் அறை இருண்டுவிடும். திரும்ப வந்ததும் தெரு முழுக்க "மீ லாபீ!" என்று கத்துவார்கள், என் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள். விண்டோஸ் காலத்தில் அந்தச் சந்தோஷத்துக்குப் பிறகு டிஸ்க் சோதனை ஓடும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் டிஸ்க்குகளின் ஆயுளைக் குறைத்தது இந்தத் திடீர் நிறுத்தங்கள்தான் என்பது பாயின் கணக்கு. டிஸ்க் இல்லாத கணினிக்கு அந்த அடி விழுவதில்லை. கரண்ட் வந்ததும் பொத்தானை அழுத்தினால், போன தடவை எப்படி எழுந்ததோ அப்படியே எழும்.

இங்கேதான் நான் ஒரு பெரிய பாடத்தை வலியோடு கற்றேன். ரேமில் ஓடும் கணினியில், நீங்கள் தட்டச்சு செய்ததும் ரேமில்தான் இருக்கிறது. அதைப் பென் டிரைவுக்கு எப்போது, எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பப்பியை முதல் தடவை நிறுத்தும்போது, செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்கும். நாங்கள் கடையில் வாங்கியபடியே, கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற வடிவத்தில் இருந்த பென் டிரைவில் சேமித்தோம். அந்த வடிவத்தில் பப்பியால் ஒரே ஒரு பெரிய சேமிப்புக் கோப்பைத்தான் உருவாக்க முடியும். அந்த ஒன்றுக்குள்ளேதான் பிள்ளைகளின் எல்லாமும் இருக்கும். அடுத்து வந்த பொங்கல் விழாவுக்காகப் பதினோரு பிள்ளைகள் எழுதிய கையெழுத்துப் பத்திரிகையை ஒரு மாணவி மூன்று ஞாயிறு உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். பென் டிரைவில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது சேமிப்புக் கோப்பு சிதைந்திருந்தது. பழுதுபார்க்கும் கட்டளைகளைப் போட்டுப் பார்த்தோம். பாதிப் பக்கங்கள்கூடத் தேறவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசாமல் விசைப்பலகையின் மேல் உறையைப் போட்டு மூடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு மூன்று விஷயங்களை மாற்றினோம். இன்று வரை ஒரு பக்கம்கூட மொத்தமாகப் போனதில்லை.

பென் டிரைவை இரண்டு பகுதிகளாகப் பிரித்தோம். பூட் ஆவதற்கு ஒரு சிறிய ஃபேட்32 பகுதி, மீதி முழுக்க லினக்ஸின் சொந்த வடிவமான இஎக்ஸ்டி4. இப்படி லினக்ஸ் வடிவப் பகுதி இருந்தால் பப்பி ஒரே கோப்புக்குப் பதிலாகச் சேமிப்புக் கோப்புறையை உருவாக்கும். அதில் ஒரு கோப்பு கெட்டால் அந்தக் கோப்பு மட்டும் கெடும். மற்றவை தனித்தனியாக இருக்கும், வேறு லினக்ஸ் கணினியில் செருகி நேராகவே திறக்கலாம்.

அடுத்தது, பப்பி அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தானாகவே சேமிக்கும் வழக்கத்தை நிறுத்தினேன். நிகழ்வு மேலாளர் என்ற அமைப்பில் அந்த நிமிட எண்ணைப் பூஜ்யமாக்கினால் போதும். முகப்புத் திரையில் இருக்கும் சேமிப்புப் படத்தை அழுத்தும்போதுதான் எழுதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நான் "கையை எடுங்க, சேவ் பண்ணுங்க" என்பேன்; எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். தானாக எழுதுவது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் எந்த நொடியில் போகும் என்று தெரியாத இடத்தில், பென் டிரைவ் எழுதிக்கொண்டிருக்கும் நொடிகள் குறைவாகவும் நமக்குத் தெரிந்தவையாகவும் இருப்பது நல்லது. அந்தச் சில நொடிகளுக்கு யாரும் வயரைக்கூடத் தொட மாட்டார்கள்.

கடைசியாக, மாதத்தின் முதல் ஞாயிறு ஒவ்வொரு பென் டிரைவின் சேமிப்புக் கோப்புறையையும் அப்படியே நகலெடுத்து இன்னொன்றில் வைக்கிறேன். ஏதாவது விபரீதமானால் பழைய நகலைத் திருப்பிப் போட ஐந்து நிமிடம்.

பூட் செய்ய வைப்பதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். எங்கள் கோர் 2 டுவோக்களில் தொந்தரவு இல்லை: எழும்போது ஒன்றில் எஃப்12 விசை, மற்றவற்றில் எஸ்கேப் விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும். பென்டியம் 4 அப்படி இல்லை. அது எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அமைப்பில் யூஎஸ்பி என்று தனி வரி இருக்காது. பென் டிரைவைச் செருகிவிட்டு உள்ளே போனால், ஹார்ட் டிஸ்க் வரிசைக்குள் அது ஒளிந்திருக்கும். அதை மேலே தள்ள வேண்டும். இன்னொன்றில் எதுவுமே தெரியவில்லை. அதற்குப் பாய், பிளாப் பூட் மேனேஜரை ஒரு சிடியில் எழுதிக் கொடுத்தார். சிடியிலிருந்து அது எழுந்து, பயாஸ் பார்க்காத பென் டிரைவைத் தானே கண்டுபிடித்து பூட் செய்யும். அந்தக் கணினி அன்றிலிருந்து அந்தச் சிடியோடுதான் வாழ்கிறது.

இணையம் இருந்தும் எந்தத் தளமும் திறக்காமல், சான்றிதழ் பிழை என்று வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் கணினி ஒன்று தன்னை 2005-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் அப்படித்தான் ஆகும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் எல்லாம் உலாவிக்குப் போலியாகத் தெரியும். பேட்டரியை மாற்றினோம், நேர மண்டலத்தைக் கிரீன்விச்சைவிட ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கும் யாங்கோன் நேரத்துக்கு வைத்தோம், சரியாகிவிட்டது. இதற்காக ஒரு முழு ஞாயிறு வீணானது.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எழுத்துருவை எழுத்துருக் கோப்புறையில் போட்டதும் தமிழ் அழகாகவே தெரிகிறது. நோட்டோவும் லோகித்தும் வைத்திருக்கிறேன். தட்டச்சுக்கு இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை அமைப்பு லினக்ஸோடு வருகிறது. எனக்குத் தமிழ்99 தான் வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் எளிது, ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் புள்ளி தானாக விழும். அதற்கு ஐபஸ் என்ற தட்டச்சு நிரலும், விசைப்பலகை அமைப்புகள் அடங்கிய எம்17என் தொகுப்பும் தேவை. பப்பியில் அதை நிறுவி ஒழுங்காக்க மெனக்கெட வேண்டியிருந்தது. ஒரு பென் டிரைவில் சரிசெய்துவிட்டு அதன் சேமிப்பை மற்றவற்றுக்கு நகலெடுத்துவிட்டேன்.

பர்மிய எழுத்து வேறு கதை. இங்கே பல வருடம் எல்லோரும் ஸவ்ஜி எழுத்துருவில் எழுதினார்கள். 2019 அக்டோபர் 1-இல் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறியது. ஸவ்ஜி எழுத்துரு இல்லாத லினக்ஸ் யூனிகோடை மட்டும்தான் நேராகக் காட்டும் என்பதால், பெற்றோர்கள் கொண்டுவரும் பழைய கோப்புகள் குழம்பித் தெரியும். நம்முடைய பழைய பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பட்ட பாடு நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். மாற்றும் நிரல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுகிறோம்.

512 எம்பி கணினிக்குப் பப்பி சரிப்படவில்லை. முழுவதையும் ரேமுக்கு ஏற்ற இடமில்லாததால் அடிக்கடி பென் டிரைவைத் தேடி ஓடியது. அதில் இப்போது ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் ஓடுகிறது. டெபியன் என்ற பெரிய லினக்ஸை அடியாகக் கொண்டது, பழைய பிராசஸர்களுக்கான 32 பிட் பதிப்பும் உண்டு, எதை எங்கே சேமிக்க வேண்டும் என்று பூட் ஆகும்போதே தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கணினியில் தட்டச்சு, படம் வரைதல், அச்சு எடுத்தல் மட்டும். உலாவியைத் திறக்கக் கூடாது என்று அதன் நெற்றியிலேயே காகிதம் ஒட்டியிருக்கிறேன்.

யூடியூபை நம்பி இந்த வழிக்கு வராதீர்கள். 2 ஜிபி கோர் 2 டுவோவில்கூட, அந்தத் தளம் அனுப்பும் புதிய வகை வீடியோக்களை விரிக்க வன்பொருள் உதவி கிடையாது. முழுச் சுமையும் பிராசஸர் தலையில். பழைய எச்.264 வகையையே கேட்டு வாங்கும் நீட்சியைப் போட்டால் 480பி வரை ஓடுகிறது. உலாவியில் மூன்று தாவல்களுக்கு மேல் திறந்தால் ரேம் நிரம்பி எல்லாம் உறைந்துவிடும். ரேமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இசட்ரேமை இயக்கியதில் கொஞ்சம் மூச்சு கிடைத்தது.

பப்பியின் பதிப்புகளில் முதலில் பயோனிக்பப் 8.0, கோர் 2 டுவோக்களுக்குப் பிறகு ஃபோசாபப் 9.5. இணையம் பார்க்கும் கணினியில் மட்டும் இப்போது டெபியன் 12-இன் மேல் கட்டிய புக்வர்ம்பப். ஃபோசாபப் 400 எம்பிக்குப் பக்கத்தில். புக்வர்ம்பப் அதைவிடப் பெரியது, 2 ஜிபி ரேமில் வித்தியாசம் தெரிகிறது. இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எம்டி5 கணக்கைச் சரிபார்க்காமல் அதைப் பென் டிரைவில் எழுதாதீர்கள். எங்கள் இணையத்தில் முதல் தடவை இறங்கியது அரைகுறைக் கோப்பு. பூட் நடுவழியில் நிற்க, பாவம் கணினியைச் சந்தேகப்பட்டோம்.

பப்பியில் கிட்டத்தட்ட எல்லாமே, முழு உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓடுவது பலருக்கு உறுத்தல். வங்கி வேலைக்கு நானும் அதைப் பயன்படுத்த மாட்டேன். ஆனால் டிஸ்க்கே இல்லாத வகுப்புக் கணினியில் கெடுக்க ஒன்றும் இல்லை. ஒரு பையன் அமைப்புகளைக் கலைத்துப் போட்டால், சேமிக்காமல் நிறுத்திவிட்டு மறுபடி எழுப்புகிறேன்.

இந்த ஐந்து வருடத்தில் கணினிகளைவிட அதிகமாகச் செத்தவை பென் டிரைவ்கள்தான்: மொத்தம் ஏழு. மூன்று, மழைக்கால ஈரத்தில் முனை கறுத்துப் போனவை. இப்போது அரிசி டப்பாவில் போடும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன். இரண்டு, விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கியவை. 32 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே அதில் பாதிகூட இல்லை. அளவு தாண்டியதும் எழுதியதெல்லாம் காற்றில் போகும். இப்போது எது வாங்கினாலும் முதலில் எஃப்3 என்ற கருவியால் முழு இடத்தையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுத்தான் பிள்ளை கையில் கொடுக்கிறேன். மற்ற இரண்டும் எழுதி எழுதித் தேய்ந்தவை. 8 ஜிபி தாராளம். பெரிய அளவுக்குக் கொடுக்கும் காசை நல்ல தரத்துக்குக் கொடுங்கள்.

32 பிட் கணினிகளின் காலம்தான் கவலை. 2025-இல் வந்த டெபியன் 13-ஐ அவற்றில் நிறுவ வழி இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 32 பிட் லினக்ஸைக் கைவிடத் தொடங்கிவிட்டது. பாய் இரண்டு பென்டியம் 4-ஐயும் எடைக்குப் போடச் சொல்கிறார். ஒன்றைக் கொடுத்துவிட்டேன். 512 எம்பிக்காரனைக் கொடுக்க மனம் வரவில்லை. பழைய பிரின்டரின் தடித்த கேபிளைச் செருகும் துளை அதில் மட்டும்தான் இருக்கிறது, பிள்ளைகளின் பத்திரிகை அதிலிருந்துதான் அச்சாகிறது. இந்த வருடம் அதைத் தட்டச்சு செய்கிறவள் அன்றைக்கு உறையைப் போட்டு மூடிய அதே மாணவி. வகுப்பில் எனக்கு உதவி ஆசிரியை ஆகிவிட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "கையை எடுங்க" என்று குரல் கொடுப்பது இப்போது அவள்தான்.