கரண்ட் கம்பி தூரத்தை அளக்க லைக்கா டிஸ்டோ டி510: யூஸ் பண்ணிப் பார்த்தது

மாடி எடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல போற கரண்ட் கம்பி எவ்வளவு தள்ளி இருக்குன்னு தெரிஞ்சாகணும். அதுக்காக ஸ்டீல் டேப்பையோ ஈர மூங்கிலையோ தூக்கிப் பிடிச்சு அளக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், உயிர் போயிடும், ஹை டென்ஷன் லைன்னா தொடக்கூட தேவையில்ல, கிட்ட போனாலே பாயும்.

முதல்ல ஒரு சாதா லேசர் மீட்டர்லதான் (லேசர் புள்ளியை அடிச்சு தூரம் காட்டற கருவி) பார்த்தேன். கம்பி விரல் தண்டி இருந்தா பெருசு, வெயில்ல சிவப்புப் புள்ளியும் தெரியல, பட்டுச்சா தாண்டிப் போச்சான்னே புரியாம திரும்பத் திரும்ப எரர். லைக்கா டிஸ்டோ டி510ம் லேசர் மீட்டர்தான், ஆனா இதுல கேமரா இருக்கு, 4 மடங்கு ஜூம், கூடவே சாய்வு சென்சார். இதோட ஹைட் ட்ராக்கிங் மோடுக்காகவே இதை வாங்கலாம்னு சொல்வேன். கம்பிக்கு நேர் கீழ ஒரு அட்டையை நிறுத்தி அதுல லேசரை அடிச்சுட்டு, அப்படியே மேல தூக்கி ஸ்கிரீன்ல இருக்கற ப்ளஸ் குறியை கம்பி மேல வெச்சா போதும், லேசர் கம்பில படவே வேணாம், கோணத்தை வெச்சே உயரத்தைப் போட்டுடும்.

ஆனா ட்ரைபாட் கட்டாயம். 12 மீட்டர் தள்ளி நின்னு 30 டிகிரில பார்க்கும்போது கை 1 டிகிரி ஆடினாலே உயரம் 28 சென்டிமீட்டர் மாறிடும். அட்டையும் சரியா கம்பிக்கு நேர் கீழ இருக்கணும், காத்து இல்லாத நேரமா பார்த்து வைங்க. போஸ்ட்டுல இருந்து கணக்கு பண்ணாதீங்க, கிராஸ் ஆர்ம்ல (போஸ்ட்டு மேல கம்பிகளைத் தாங்கற குறுக்குச் சட்டம்) வீட்டுப் பக்கம் இருக்கற கடைசிக் கம்பிதான் கணக்கு, வீட்டுலயும் சுவர் இல்ல, வெளிய நீட்டிட்டு இருக்கற பால்கனியோ சன்ஷேடோ அதோட விளிம்பு.

எனக்கு பால்கனி விளிம்புல இருந்து பக்கவாட்டுல 3.2 மீட்டர், கம்பி அதைவிட 2.4 மீட்டர் மேல, ஆக நேர்க்கோட்டுல 4 மீட்டர். விதில பக்கவாட்டு தூரமும் உயரமும் தனித்தனியா கேப்பாங்க, வோல்டேஜ் ஏற ஏற அதுவும் கூடும், அதனால மூணையும் எழுதி வெச்சுட்டு லைன் எத்தனை வோல்ட்னு மின்சார ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, காலைல அளந்ததை நம்பிடாதீங்க! வெயில்லயும் லோடுலயும் கம்பி சூடாகி நீண்டு கீழ தொங்கும், போஸ்ட்டுக்கு நடுவுலதான் தொய்வு ஜாஸ்தி, காத்துல வீட்டுப் பக்கம் வேற ஆடும். மதியம் ஒரு தடவை அளங்க.

கம்பி மொட்டைமாடிக்கு நேர் மேலயே போகுதுன்னா இது வேணாம், அல்ட்ராசோனிக் கேபிள் ஹைட் மீட்டர்தான் (ஒலி அலையை வெச்சு கம்பி உயரம் அளக்கறது) சுலபம், கீழ நின்னு மேல காட்டினா உயரம் வந்துடும்.