டெலஸ்கோப் கண்ணாடிக்கு ரசம் பூச அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்குப் பக்கம். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. கூரைக்கு அடியில் கேட் சக்கரங்கள் வைத்திருப்பதால் இரும்பு ஆங்கிளில் தள்ளினால் முழுசாகத் திறந்துகொள்ளும். அதற்குள் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் 8 அங்குல நியூட்டோனியன் டெலஸ்கோப். அதன் பெரிய கண்ணாடியை நானும் எங்க அப்பச்சியும் வளவில் உட்கார்ந்து கார்போரண்டம் தூள் போட்டுக் கையால் தேய்த்தோம். 2003 ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்கு அவ்வளவு நெருக்கமாக வந்தபோது அதில்தான் பார்த்தோம். அப்பச்சி இப்போது இல்லை. அந்தக் கண்ணாடியைத்தான் ஒருவர் நாசம் செய்து திருப்பி அனுப்பியிருக்கிறார்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி ரசம் போய்க் கருத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ரசம் முதுகுப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். டெலஸ்கோப்பில் அப்படி வைக்க முடியாது. ஒளி கண்ணாடிக்குள் புகாமல் மேல் பரப்பிலேயே திரும்ப வேண்டும். அதனால் அலுமினியப் பூச்சு முன்பக்கம், வெறும் மேனியாக இருக்கும். கனமும் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செம்மண் தூசி, ஐப்பசி கார்த்திகை ஈரம், புறா எச்சம், எல்லாம் நேராக அதன்மேல்தான் விழும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, பஞ்சைத் தன் கனத்திலேயே நகர்த்திக் கழுவி வந்தும், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பூச்சு தேவைப்பட்டது.

முன்பு செய்துகொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டார். தெரிந்தவர் மூலம் வெளியூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசும் வேக்குவம் சேம்பர் (காற்றை வெளியேற்றிய அறை) சொந்தமாக இருப்பதாகச் சொல்லிப் படமும் அனுப்பினார். "பழைய பூச்சை நீங்க தொட வேணாம்ணே, அப்படியே அனுப்புங்க, கெமிக்கல்ல எடுத்துருவோம்" என்றார். கூரியர் உட்பட 8,500 ரூபாய், முழுதும் முன்பணம். சனியின் வளையம் மெலிந்து கோடாகத் தெரியும் 2025ஆம் வருஷத்தைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில் ஜூலையிலேயே அனுப்பிவைத்தேன்.

ஆகஸ்டு கடைசியில் வந்தது. பிரித்தபோது கண் கூசியது. அவ்வளவு பளபளப்பு. வீட்டில் எல்லோரும் முகம் பார்த்தார்கள்.

செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணம். 11 மணிக்கு மேல் நிலா முழுசாகச் செம்பு நிறமானபோது தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். குறைந்த பெருக்கத்தில் குறை ஏதும் தெரியவில்லை. பிள்ளைகள் போனபின், நிலாவுக்குக் கிழக்கே நின்ற சனிக்குத் திருப்பி 8 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டேன். 150 மடங்கு. ஊசி மாதிரி நிற்க வேண்டிய வளையம் எண்ணெய் தடவிய விரலால் இழுத்த கோடு போல வழிந்திருந்தது. ஃபோகஸை எவ்வளவு திருகியும் ஓர் இடத்தில் வந்து நிற்கவில்லை. காற்றின் அலைச்சல் என்று நினைத்து விடியற்காலம் வரை காத்திருந்தேன். கோலிமேஷனை, அதாவது கண்ணாடிகள் நேர்கோட்டில் நிற்பதை, மறுபடி சரிசெய்தேன். மாற்றமில்லை. பிறகு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்து ஃபோகஸுக்கு உள்ளேயும் வெளியேயும் நகர்த்திப் பார்த்தேன். முன்பெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையங்கள் வரும். இப்போது ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் வெறும் பஞ்சு.

மறுநாள் கண்ணாடியைக் கழற்றி டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். சில்வர் தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்ததுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள். ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்து முத்துப்போல் உறைந்திருந்தது. நகம் பட்டதும் தோலாக உரிந்தது. வார்னிஷ்! அந்த இடத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு நீர்த்த காஸ்டிக் சோடா ஒரு துளி வைத்தேன். அலுமினியம் என்றால் சீக்கிரமே கரைந்து கண்ணாடி தெரிந்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூசும் வெள்ளி ரசத்தைப் பூசி, மேலே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள்.

வெள்ளி பூசியதுகூடப் பெரிய குற்றமில்லை. 1850களில் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ தன் டெலஸ்கோப் கண்ணாடிகளுக்கு வெள்ளிதான் பூசினார். பழைய பூச்சை எடுக்க பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்ததுதான் பாதகம். பரப்பில் 70 நானோமீட்டர் மேடு பள்ளம் வந்தாலே கிரகத்தின் பிம்பம் குலையத் தொடங்கும். என் கண்ணாடியில் கோளக் குழிவுக்கும் பரவளையக் குழிவுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மைக்ரானுக்குள். அதைக் கொண்டுவர நாங்கள் பிளேடும் பல்பும் வைத்து ஃபூக்கோ சோதனையில் நிழல் பார்த்துப் பார்த்து வாரக்கணக்கில் உழைத்தோம். சக்கரத்துக்குச் சில நிமிஷம் போதுமாக இருந்திருக்கிறது.

போன் செய்தேன். "பளபளன்னு இருக்குல்லண்ணே, அப்புறம் என்ன?" என்றார்.

"தம்பி, பளபளப்புக்கா அனுப்பினேன்? குழிவோட உருவம் போயிருச்சே."

"கண்ணாடி உடையலையே." அதோடு வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. மதுரையில் உள்ள நண்பரிடம் சொன்னபோது, அவருக்கும் அதே சேம்பர் படம் வந்திருந்தது தெரிந்தது. அவர் நல்லவேளை பணம் கட்டவில்லை.

கண்ணாடி அனுப்ப இருக்கிறவர்கள் முதலில் பழைய பூச்சை எதால் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். "பாலிஷ்" என்ற வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்தால் அலுமினியத்தைக் கரைக்கும் பெர்ரிக் குளோரைடில் நீங்களே எடுத்து, நன்றாகக் கழுவி, வெறும் கண்ணாடியாக அனுப்புங்கள். கையுறை கட்டாயம். கண்ணாடியோடு சேம்பருக்குள் வைக்கச் சொல்லி ஒரு மைக்ராஸ்கோப் ஸ்லைடும் கொடுங்கள். திரும்பி வந்ததும் அந்த ஸ்லைடில் செல்லோடேப் ஒட்டி இழுத்துப் பூச்சு உரிகிறதா என்று பார்க்கலாம், பல்புக்கு எதிரே பிடித்து ஊசி ஓட்டைகளைப் பார்க்கலாம். டேப்பைக் கண்ணாடியில் ஒட்டிவிடாதீர்கள். அனுப்பும் முன்பே நட்சத்திரச் சோதனையைப் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. அதனால் உருவம் கெட்டது அவர் கையில்தான் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள்.

வெள்ளியை எடுத்துவிட்டேன். ஃபூக்கோ நிழலில் நடுவிலிருந்து முக்கால் தூரத்தில் வளையமாக ஒரு பள்ளமும், சரிந்த ஓரமும் தெரிகின்றன. அப்பச்சி டின்னில் மூடி வைத்த பிட்ச் (கீல் மாதிரிப் பிசின்) கட்டி இன்னும் இருக்கிறது. அதை உருக்கிப் புது லேப் (கண்ணாடியைத் தேய்க்கும் வட்டு) ஊற்றியிருக்கிறேன். தினமும் காலையில் அரை மணி நேரம் மெருகேற்றும் சீரியம் ஆக்ஸைடு தூள் போட்டுக் கையால் தேய்க்கிறேன். பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைந்திருக்கிறது. ஓரம் அப்படியேதான் இருக்கிறது.