கம்பிவலையா, ஆழ்கூளமா, மூங்கில் சட்டமா: முயல் கொட்டிலில் நோயைத் தடுக்கும் தரை எது?

பால் மறந்த முயல் குட்டிகள் வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும்போது பலரும் முதலில் தீவனத்தைத்தான் சந்தேகிப்பார்கள். அதைவிட முதலில் தரையைப் பாருங்கள். காக்சிடியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் முட்டைகள் நோயுற்ற முயலின் புழுக்கையோடு வெளியேறுகின்றன. வெளியேறிய உடனே அவற்றால் நோயைப் பரப்ப முடியாது. ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் கிடைத்தால் 1 முதல் 4 நாளில் முற்றுகின்றன. அதன்பின் அவை குட்டியின் வாய்க்குள் போனால் குடலையோ ஈரலையோ தாக்கும். அறுத்த முயலின் ஈரலில் வெள்ளைப் புள்ளிகளோ கட்டிகளோ தெரிந்தால் அந்தக் கொட்டிலில் காக்சிடியா இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

ஆகவே எந்தத் தரையையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: போட்ட புழுக்கை, முற்றுவதற்குள் முயலின் வாயையும் காலையும் விட்டு விலகிவிடுகிறதா?

கம்பிவலைத் தரை இந்தக் கேள்வியில் மற்ற இரண்டையும் எளிதாக வெல்கிறது. புழுக்கையும் மூத்திரமும் விழுந்த உடனே கீழே போய்விடும். ஆனால் எந்த வலை என்பது முக்கியம். தரைக்கு 14 கேஜ் கம்பியில், அரை அங்குலத்துக்கு 1 அங்குலம் கண் உள்ள வெல்டு மெஷ் என்னும் பற்றவைத்த வலைதான் சரி. அரைக்கு அரை வாங்கினால் பெரிய முயலின் புழுக்கை கண்ணில் சிக்கி நிற்கும். தினமும் சுரண்ட வேண்டிவரும். 1 அங்குலச் சதுரக் கண்ணைப் பக்கச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். தரையில் போட்டால் குட்டியின் கால் உள்ளே இறங்கி ஒடியும். வலையைப் பொருத்தும்போது அரை அங்குல இடைவெளியில் ஓடும் கம்பிகள் மேல்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் பாதத்துக்கு நெருக்கமான தாங்கல் கிடைக்கும். வெல்டு அடித்த பிறகு துத்தநாகப் பூச்சு கொடுத்த வலை, முன்பே பூசியதைவிடப் பல மடங்கு உழைக்கும். கம்பிகளைப் பற்றவைத்த இடங்களில் எளிதில் துரு ஏறாது.

வலையின் குறை கால்புண். முயலுக்கு நாய், பூனைக்கு இருப்பதுபோல் பாதத்தில் தடித்த தசைமெத்தை கிடையாது, மயிர் மட்டும்தான். வெள்ளை ஜெயண்ட், சாம்பல் ஜெயண்ட் போன்ற கனத்த இனங்கள் மெல்லிய 16 கேஜ் கம்பியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பின்னங்கால் குதியில் மயிர் உதிர்ந்து, தோல் கிழிந்து, ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி ஏறிச் சீழ் பிடிக்கும். இதற்காக வலையையே கைவிட வேண்டியதில்லை. ஓர் அடிக்கு முக்கால் அடி அளவில், ஓட்டை உள்ள பிளாஸ்டிக் பலகை ஒன்றைக் கூண்டின் ஒரு மூலையில் போடுங்கள். அதுவும் வாரம் ஒருமுறை வெளியே வந்து கழுவி வெயிலில் காய வேண்டும். மரப்பலகை போட்டால் மூத்திரம் ஊறி அதுவே நோய்க்களமாகும்.

வலையில் வளர்த்தால் முயல் தன் இளம் புழுக்கையை, அதாவது அது திரும்பத் தின்னும் மென்மையான சத்துப் புழுக்கையை, தின்ன முடியாமல் போகும் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. முயல் அதை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்றுவிடுகிறது.

ஆழ்கூளம் செலவு குறைந்தது, காலுக்கு இதமானது. அதன் கவர்ச்சி அவ்வளவுதான். 4 முதல் 5 அங்குல உயரத்துக்கு மரச்சீவலோ உமியோ நறுக்கிய வைக்கோலோ பரப்பி, சில முயல்களைச் சேர்த்து விடுவது வழக்கம். மூன்று கிலோ எடையுள்ள ஒரு முயல் நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் லிட்டர் மூத்திரம் விடும். பத்து முயல் என்றால் அன்றாடம் இரண்டரை லிட்டர் கூளத்துக்குள் இறங்குகிறது. அங்கே ஈரம், காற்று, வெப்பம் மூன்றும் இருக்கும். ஒட்டுண்ணி முட்டை முற்ற இதைவிட ஏற்ற இடம் இல்லை. கோழிப்பண்ணைப் பழக்கத்தில் கூளத்தைக் கிளறிவிடுகிறவர்கள் நிலைமையை இன்னும் கெடுக்கிறார்கள். கிளறினால் காற்று உள்ளே போகிறது, தூசியும் அமோனியாவும் மேலே வருகின்றன. அமோனியா மூக்கின் உட்தோலை அரித்தால் பாஸ்சுரெல்லா கிருமிக்கு எளிதாக வழி திறக்கிறது. மூக்கொழுகல், தும்மல், முன்னங்கால் மயிர் பிசுபிசுத்துக் கிடப்பது எல்லாம் அதன் அடையாளம். நின்றபடி முகர்ந்து பார்த்தால் தெரியாது. குனிந்து, முயலின் மூக்கு மட்டத்தில் முகருங்கள். அங்கே கண் எரிந்தால் கூளத்தை முழுவதும் மாற்றும் காலம் கடந்துவிட்டது.

இன்னொன்று, மக்கும் கூளம் சூடு தரும். 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும் பிராணிக்குச் சமவெளிக் கோடையில் அது கொடுமை. கொடைக்கானல், நீலகிரி குளிரில் அந்தச் சூடு ஓரளவு உதவலாம். அங்கும் வளர்ந்த முயல்களுக்கு மட்டும், ஈரமான மூலைகளைத் தினமும் அள்ளியெடுக்க ஆள் இருந்தால் மட்டும். 4 வாரம் முதல் 10 வாரம் வரையுள்ள குட்டிகளை எந்த ஊரிலும் ஆழ்கூளத்தில் விடக்கூடாது. காக்சிடியா மிகுதியாகக் கொல்வது அந்த வயதில்தான்.

மூங்கில் சட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓர் அங்குல அகலச் சட்டங்களை அரை அங்குல இடைவெளியில், வழவழப்பான பக்கம் மேலே வரும்படி அடித்தால் கால்புண் குறையும். ஆனால் முயல் கடிக்கும். கடித்த இடத்தில் மூத்திரம் ஊறும். ஊறிய மூங்கிலைக் கிருமிநாசினியால் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. மூங்கிலைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் ஆணி அடித்து நிலையாக்காமல், கழற்றக்கூடிய தட்டிகளாகச் செய்து, கூண்டுக்கு இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒன்று உள்ளே, ஒன்று வெயிலில்.

கூண்டுக்குக் கீழே

வலையில் இருந்து விழுந்தது கீழே குவிந்து கிடந்தால் வலை போட்ட பயன் பாதி போய்விடும். சிமென்ட் தரை போட்டு நாள்தோறும் தண்ணீர் அடிப்பது பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் கொட்டில் எப்போதும் ஈரமாக இருக்கும். மூத்திரமும் புழுக்கையும் கலந்தால்தான் அமோனியா வேகமாக எழும் என்பதால் அவற்றைப் பிரிப்பது மேல். கூண்டின் அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டை நல்ல சாய்வாகக் கட்டினால் புழுக்கை உருண்டு பின்னால் விழும், மூத்திரம் வழிந்து வாய்க்காலுக்குப் போகும். விழுந்ததை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது உலர்வாகக் கூட்டி அள்ளுங்கள். இரண்டு அடுக்குக் கூண்டில் நடுத்தட்டைத் தினமும் காலி செய்ய முடியாதென்றால் ஓர் அடுக்கே போதும். மேலே உள்ளதன் நோய் கீழே உள்ளதன் தலையில்தான் சிந்தும்.

எதைக் கொண்டு கழுவுவது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிளீச்சிங் பவுடர் பாக்டீரியாவைக் கொல்லும், காக்சிடியா முட்டையைக் கொல்லாது. பினாயிலும் அப்படியே. முட்டையை அழிப்பது வெப்பமும் முழு உலர்வும் 10 சதவீத அமோனியாக் கரைசலும்தான். கூண்டுக்கு ஊதுவிளக்கின் (புளோ லேம்ப்) சுடர் மிகச் சிறந்தது. கம்பியில் ஒட்டிய மயிர், சொறிப்பூச்சி, முட்டை எல்லாம் ஒரே ஓட்டத்தில் பொசுங்கும். சுடரை நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் துத்தநாகப் பூச்சு உருகிப்போகும், அதன் புகையும் கெடுதல். தீவனத் தட்டு, தண்ணீர்க் கிண்ணங்களைக் கொதிக்கும் நீரில் அமிழ்த்துங்கள். மேலே ஊற்றினால் சூடு ஆறிவிடும்.

முயலை வெளியேற்றி, உலர்வாகச் சுரண்டி, மயிரை எரித்த பிறகு, கம்பியில் வெள்ளையாகப் படிந்த மூத்திரக் கறையின் மேல் வினிகரைத் தடவி ஊறவிட வேண்டும். அது சுண்ணாம்புப் படிவு. சோப்புக்கு இளகாது, புளிப்புக்குத்தான் இளகும். பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்து அலசி, கடைசியாக 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, 10 நிமிடம் விட்டு அலசலாம். அழுக்கின் மேல் பிளீச்சிங் தெளித்தால் அதன் வீரியம் அழுக்கோடே தீர்ந்துவிடும். மூத்திரம், வினிகர், அமோனியா எதனோடும் அது சேரக்கூடாது, நுரையீரலைச் சுடும் வாயு கிளம்பும். அமோனியாவைத் தனி நாளில், திறந்தவெளியில், முயல் இல்லாத கூண்டில் பயன்படுத்துங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூண்டைக் கழுவவே வேண்டாம். காயாத கூண்டு, கழுவாத கூண்டைவிட மோசம். சுரண்டி, சுடர் காட்டினால் போதும்.

ஈனும் பெட்டியில் எதைப் பரப்பலாம்

இந்த ஓர் இடத்தில் மட்டும் படுக்கை இல்லாமல் முடியாது. அடியில் 2 அங்குலம் மரச்சீவல், அதன் மேல் விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல். மற்றதைத் தாய் தன் மயிரால் நிரப்பிக்கொள்ளும். இழைப்பகத்தில் சீவல் வாங்கும்போது பூச்சி மருந்து அடித்த பலகை, பிளைவுட் கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். உமி மட்டும் போட்டால் ஈரத்தை உறிஞ்சாது, தூசி குட்டியின் மூக்கில் ஏறும். தேங்காய் நார் இழை குட்டியின் காலில் சுற்றி இறுகும். நிலக்கடலைத் தொலி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; அதில் வளரும் பூஞ்சையின் அஃப்லாடாக்சினை முயலின் ஈரல் தாங்காது, படுக்கையைக் கொறிக்காத முயலும் கிடையாது.

பெட்டியை இணைசேர்த்த 28-ஆம் நாள் வையுங்கள். முன்பே வைத்தால் தாய் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். குட்டிகள் 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். ஈரப் படுக்கையில் இமை ஒட்டிச் சீழ் கட்டுவது அப்போதுதான். அதற்கு முன்பே ஒருமுறை நனைந்த பகுதியை எடுத்துவிட்டு, தாயின் மயிரைத் தனியே வைத்திருந்து, புதுச் சீவலின் மேல் திரும்பப் பரப்ப வேண்டும். 18 நாள் வாக்கில் பெட்டியை வெளியே எடுத்துப் படுக்கையை எரித்து, உள்பக்கம் சுடர் காட்டி, அடுத்த ஈற்று வரை கவிழ்த்து வெயிலில் வைக்கலாம். காதுச் சொறி கண்ட கூண்டின் பெட்டியென்றால் குறைந்தது 3 வாரம் ஓய்வு கொடுங்கள். அந்தப் பூச்சி முயல் இல்லாமலும் அவ்வளவு நாள் உயிரோடிருக்கக்கூடியது.